ரயில் ஏறாதவர்களுக்கும் ரயில் நிலையத்தில் இடம் உண்டா?

ஆர்.எஸ்.புரத்துக்காரர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் வடகோவை. மேட்டுப்பாளையம் ரயில் நின்று போகும் இந்த நிலையமும் அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் இருக்கிறது. ரயில் நிலையத்தை ஊரின் மையமாக, தண்டவாளத்தின் இரு பக்கங்களையும் இணைக்கும் இடமாக மாற்றுவதும் இந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அப்படியென்றால், பயணம் போகாதவர்களுக்கும் அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே!

பிளாட்ஃபாரமே படிப்பகம்

பீகாரின் சசாராம் ரயில் நிலையம் நாடெங்கும் பேசப்பட்டது அங்கே படித்த இளைஞர்களால்தான். அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகும் நூற்றுக்கணக்கானவர்கள் பிளாட்ஃபாரத்தில் கூட்டமாக உட்கார்ந்து படித்தார்கள். வீட்டில் கரன்ட் போனாலும் ஸ்டேஷனில் விளக்கு எரியும் என்பதுதான் காரணம். எர்ணாகுளம் ஸ்டேஷனிலோ, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அங்கிருந்த இலவச வைஃபையில் பாடம் கேட்டபடியே வேலை பார்த்து, 2018-ல் கேரள அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறினார். விளக்கு, வைஃபை, உட்கார இடம்... மக்கள் தேடி வர இவ்வளவு போதும்.

பெருசா கட்டினால் போதுமா?

போதாது என்பதற்குச் சென்னையின் பறக்கும் ரயில் நிலையங்களே சாட்சி. 1995-ல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரியைத் தொட்ட இந்தப் பாதையில் நிலையங்கள் எல்லாம் பிரமாண்டம். ஆனால், கடைகள் வரும் என்று விடப்பட்ட தளங்கள் பல வருடங்கள் காலியாகவே கிடந்தன. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் எப்படி வருவார்கள்?

10 ரூபாய் கதவு

இன்னொரு சிக்கல் பிளாட்ஃபாரம் டிக்கெட். கட்டணம் 10 ரூபாய், நேரம் 2 மணி. தினமும் வாக்கிங் வரும் பெரியவரோ, படிக்க வரும் மாணவியோ அதை வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பெஞ்ச், குடிநீர், கழிப்பறை, சின்னதாக ஒரு வாசிப்பு அறை எல்லாமே டிக்கெட் கேட்கும் இடத்துக்கு வெளியே அமைய வேண்டும். உள்ளூர்த் தயாரிப்புகளை விற்கும் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' கடைக்குத் தெருப்பக்கமும் ஒரு வாசல் வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும் நடைமேம்பாலத்தை டிக்கெட் இல்லாமலே எல்லோரும் பயன்படுத்தலாம் என்றால், பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுற்று மிச்சம்.

இதையெல்லாம் கட்டி முடித்த பிறகு சேர்ப்பது கஷ்டம். வரைபடத்திலேயே வந்துவிட வேண்டும்.

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குள் போகவோ, மாவட்ட மைய நூலகத்தில் பேப்பர் படிக்கவோ யாரும் டிக்கெட் கேட்பதில்லை. வடகோவை ஸ்டேஷனின் முன்பக்கமும் அந்த வரிசையில் சேரட்டுமே!