விளக்கத்துக்கு முன்பே தீரும் பாதி வழக்கு

இலங்கையின் மாவட்ட நீதிமன்றங்கள் காணி, கடன், ஒப்பந்தம், நட்டஈடு பற்றிய பிணக்குகளை விசாரிக்கும் முறையை 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையே இன்றும் வகுக்கிறது. சாட்சிகளினதும் ஆவணங்களினதும் பட்டியலை விளக்கத் தினத்துக்கு 15 நாட்களுக்கு முன்னர் கொடுத்தால் போதும் என்றும், எழுவினாக்கள், அதாவது நீதிபதி விடைகாண வேண்டிய சர்ச்சைகள், விளக்கம் தொடங்கும் நாளில் வகுக்கப்படும் என்றும் அண்மைக்காலம் வரை நிலவிய வழக்கம், எதிர்த்தரப்பின் கைவசம் இருப்பது எதுவென்று அறியாமலே இரு தரப்பினரும் தவணை தவணையாக நீதிமன்றப் படியேறும் நிலையை உண்டாக்கியிருந்தது.

2017 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் புகுத்தி, 2023 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மீள ஒழுங்கமைத்த முன்விசாரணை இந்த வழக்கத்தை மாற்ற முனைகிறது. வழக்காளியின் முறைப்பாடும் எதிராளியின் மறுமொழியும் கோவைப்படுத்தப்பட்ட பின்னர், விளக்கத்துக்கு முன்னதாகவே நடைபெறும் இவ்வமர்வில், ஒப்புக்கொள்ளப்பட்ட விடயங்கள் பதியப்படுகின்றன, எழுவினாக்கள் சுருக்கப்படுகின்றன, இணக்கத்துக்கு வழியுண்டா என்றும் ஆராயப்படுகிறது.

தாமதத்தைக் குறைக்கும் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் வழக்கின் சுமை முன்பக்கம் நகர்ந்துவிட்டதனால், ஆரம்பத்திலேயே ஆவணங்களைத் திரட்ட இயலாதவர் பின்தங்குவார் என்பதை மலையகத்தின் வலப்பனை, இராகலை, ஹைபொரஸ்ட் பகுதித் தோட்டங்களை நினைத்துப் பார்க்கும் எவரும் உணர்வர். தலைமுறைகளாக லயன் அறையில் வாழும் குடும்பத்தின் பெயரில் காணி உறுதி இல்லை, வேலைப் பதிவேடுகளோ தோட்ட அலுவலகத்தில் கிடக்கின்றன. அரச காணியிலிருந்து வெளியேற்றக் கோரும் வழக்குகளுக்கு இச்சீர்திருத்தம் எட்டுவதுமில்லை. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும் விண்ணப்பத்தில், குடியிருப்பவர் செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தையோ அரசின் வேறு எழுத்துமூல அதிகாரத்தையோ காட்டுவதைத் தவிர வேறு எதிர்வாதம் எழுப்ப இடமில்லை.

மொழி இன்னொரு தடை. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நீதிமன்றப் பதிவேடு பொதுவாகச் சிங்களத்தில் பேணப்படுகிறது. எனினும் அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி எந்தத் தரப்பினரும் தமிழில் வழக்கைத் தொடுக்கலாம், ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம், பதிவேட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கோரலாம். உரைபெயர்ப்பாளரை வழங்குவது அரசின் கடமையாகும். எழுவினாக்கள் வகுக்கப்பட்ட பின்னர் தமிழாக்கம் கிடைத்தாலும் பயன் குறைவென்பதால், இவ்வுரிமை முன்விசாரணையின் முதல் தவணையிலேயே கோரப்படவேண்டும். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் துணையை வசதியற்றவர் நாடவேண்டியதும் அப்பொழுதே.