புனைகதையும் உண்மையும்: மலைத்தோட்டக் கதைகளை முன்வைத்து

புனைகதை என்றாலே பொய் எனக் கருதுவோர் நம் சபைகளில் இன்றும் உளர். நடவாததை நடந்ததாக நம்பச் செய்வது பொய். புனைவு என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் அறிந்தே, வாழ்வின் பொருளைத் தேடுவது புனைகதை. நல்ல சமாரியன் தங்கிய சத்திரம் எரிகோ சாலையில் எங்கிருந்தது என ஆராய்வோர், அவ்வுவமை எழுப்பும் வினாவைத் தவறவிடுகின்றனர்.

எனினும், ஊடகம் மாறும்போது கதையும் மாறுகிறது. நீலகிரியின் படகர் கதைப்பாடல்கள், பாடுவோரும் கேட்போரும் ஓரிடத்தில் கூடியிருக்கையில் உயிர்பெறுபவை. அதே மக்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்' நாவலோ தனிமையில் வாசிக்கப்படுவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கால அளவாகக் கொண்டு, தேயிலையும் மின்திட்டமும் மலைவாழ்வை மாற்றிய விதத்தை அது பொறுமையாகக் காட்டுகிறது. நீண்ட காலத்தைத் தாங்குவது நாவலின் வலிமை.

திரைப்படத்தின் இயல்பு வேறு. நீலகிரிக்குத் தெற்கே ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல், தொழிலாளர் துயரை 1969இல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக்கினார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். அதனைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வெளிவந்தது. நாவலில் தொழிலாளர்பால் பரிவுள்ள மருத்துவர் ஒருவர் வருகிறார். படத்திலோ, பிணியுற்றோரிடையே ஆடிப்பாடி மதம் மாற்றும் மருத்துவரைக் காண்கிறோம்.

சில மணி நேரத்துக்குள் கண்ணால் காணுமாறு சொல்லவேண்டிய கலை, மெல்ல வளரும் மனிதரை ஒற்றை அடையாளமாகச் சுருக்குவது இயல்பே. ஆயினும் எந்த அடையாளத்தைத் தெரிவது என்பது ஊடகத்தின் கட்டாயமன்று; கலைஞரின் தெரிவே. அதற்கு அவர் பொறுப்பாளியாவார்.

நமக்கும் ஒரு பொறுப்புண்டு. மனம் புண்பட்டோம் என்று கூறி இப்படத்தை ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்கினால், கங்காணியின் முன்பணத்தால் கட்டுண்டு, நோயில் மடிந்த மக்களின் உண்மையையும் ஒதுக்கியவராவோம். மருத்துவரின் சித்திரிப்பு நேர்மையானதா என வினவும் நாம், அந்நாளில் திருச்சபை யார் பக்கம் நின்றது என்றும் வினவவேண்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நம் பிரசங்கத்தைக் கேட்போரில் கொழுந்து பறித்த கைகளும் உண்டு. அவர்களுக்கு இக்கதை வெறும் கற்பனையன்று. ஆகவே, "இது நடந்ததா?" என்பதோடு நில்லாமல், "இது யாருடைய துயரை நமக்குக் காட்டுகிறது? யாரை மறைக்கிறது?" என்றும் கேட்கக் கற்போமாக.