வீட்டுக்கு ஏற்றது எது: தொலைக்காட்சியா, புரொஜெக்டரா?



பண்டிகைக் காலம் நெருங்கினால் கண்டி நகரக் கடைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான விலைக்கழிவு அறிவிப்புகள் தொங்கத் தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அவற்றின் பக்கத்திலேயே சிறிய புரொஜெக்டர்களும் வைக்கப்படுகின்றன. பாடசாலைகளிலும் கூட்டங்களிலும் 'மல்டிமீடியா' என்று நாம் சொல்லும் கருவிதான் அது. "பெட்டியில் 43 அங்குலம், சுவரில் 100 அங்குலம். எதை வாங்குவது மிஸ்?" என்று வீடுகளுக்குச் செல்லும்போது தாய்மார் கேட்கிறார்கள்.

இது பொழுதுபோக்குப் பொருள் பற்றிய கேள்வி மட்டுமல்ல. வீட்டில் இருக்கும் ஒரே பெரிய அறையை யார், எப்போது, எதற்குப் பாவிப்பது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

நமது நாட்டில் 1979ஆம் ஆண்டு சுயாதீன தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஆரம்பமானது. அந்நாட்களில் பெட்டி இருந்த வீட்டு வாசலில் அயலவர் எல்லோரும் கூடுவார்கள் என்று நம் தாய்மார் சொல்வதுண்டு. பின்னர் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டும், பிள்ளைகளின் சீருடையை மினுக்கிக்கொண்டும் பெண்கள் நாடகம் பார்க்கப் பழகினார்கள். வேலை நடக்கும் அறையிலேயே, விளக்கு எரியும்போதே பார்க்க முடிந்தது என்பதுதான் இதற்குக் காரணம்.

வெளிச்சம் யாருக்கு?

தொலைக்காட்சி தன் ஒளியை நேராக நம் கண்ணுக்கு அனுப்புகிறது. புரொஜெக்டரோ ஒளியைச் சுவரில் வீசுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் நாம் பார்க்கிறோம். அறை விளக்கின் ஒளியும் யன்னல் வெளிச்சமும் அதே சுவரில் விழுவதால் கறுப்பு நிறம் சாம்பலாகி, படம் வெளிறிப்போகும். ஆகவே விளக்கை அணைக்க வேண்டும், பகலில் தடித்த திரைச்சீலை போட வேண்டும்.

தனி அறை உள்ள வீட்டுக்கு இது ஒரு பிரச்சினை அல்ல. ஆனால் மஹியாவை போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும், ஹந்தானை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் படிப்பும் சாப்பாடும் தையலும் ஒரே அறையில்தான். அங்கே விளக்கை அணைத்தால் யாருடைய வேலை நிற்கும்? பெரும்பாலும் தாயின் வேலையும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் வேலையும்தான். "கொஞ்ச நேரம் பொறு" என்று முதலில் பெண் பிள்ளைக்குத்தான் சொல்லப்படுகிறது. இதை நாம் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

இடம் போதுமா?

100 அங்குலப் படம் சுமார் 7 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது. சாதாரண வகைப் புரொஜெக்டரைச் சுவரிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 11 அடி தள்ளி வைக்க வேண்டும். பழைய லயன் அறையின் அளவே பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். நடுவில் யாராவது எழுந்து நடந்தால் அவருடைய நிழலும் படத்தில் விழும். கிட்ட வைத்தே பெரிய படம் காட்டும் வகைகளும் உண்டு. அவற்றின் விலை அதிகம். சிறு பிள்ளைகள் வில்லைக்குள் நேராகப் பார்க்காதபடியும் கவனிக்க வேண்டும்.

தொலைக்காட்சிக்கு, படத்தின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தூரம் போதும். 32 அங்குலப் பெட்டியை 4 முதல் 6 அடிக்குள்ளும், 43 அங்குலப் பெட்டியை 6 முதல் 9 அடிக்குள்ளும் இருந்து வசதியாகப் பார்க்கலாம்.

மாதக் கடைசியில் வரும் பில்

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பின் ஏறியும் இறங்கியும் வந்தாலும் கணக்குப் பார்க்கும் தேவை குறையவில்லை.

43 அங்குல எல்.ஈ.டி. பெட்டி சுமார் 80 வாட் எடுக்கும். தினமும் 5 மணித்தியாலம் பார்த்தால் மாதத்துக்கு 12 அலகு. குமிழ் வகைப் புரொஜெக்டர் 250 வாட் எடுத்தால் அதே நேரத்துக்கு 37 அலகுக்கு மேல். மற்ற எல்லாவற்றுக்கும் 40 அலகு பாவிக்கும் வீட்டில், பெட்டியோடு 52 அலகு வரும். புரொஜெக்டரோடு 77 ஆகிவிடும். 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். சிறிய எல்.ஈ.டி. புரொஜெக்டர்களுக்கு மின்சாரம் குறைவுதான். அவற்றின் வெளிச்சமும் குறைவு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

• புரொஜெக்டரின் வெளிச்சத்தை 'லூமென்' என்ற அளவால் சொல்வார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பாமல் 'ஆன்சி லூமென்' எவ்வளவு என்று கேளுங்கள். இருட்டறைக்கு 1500 முதல் 2000 வரை போதும். விளக்கு எரியும் அறைக்கு 3000க்கு மேல் வேண்டும்.

• குமிழ் வகையில் சில ஆயிரம் மணித்தியாலங்களுக்குப் பிறகு குமிழை மாற்ற வேண்டும். அதன் விலையையும், கண்டியிலேயே கிடைக்குமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

• பெரும்பாலான புரொஜெக்டர்களில் அன்டெனா இணைக்க முடியாது. டயலொக் டிவி, பியோ டிவி போன்றவற்றின் பெட்டியும், நல்ல சத்தத்துக்குத் தனி ஸ்பீக்கரும் தேவைப்படும்.

• தொலைக்காட்சியில் 'கியூலெட்' என்பது எல்.ஈ.டி. வகையின் நிறம் கூடிய வடிவம். 'ஓலெட்' கறுப்பை உண்மையான கறுப்பாகக் காட்டும், விலை அதிகம். செய்திக்கும் நாடகத்துக்கும் பிள்ளைகளின் கல்வி நிகழ்ச்சிக்கும் சாதாரண எல்.ஈ.டி. தாராளமாகப் போதும்.

• தவணைக்கு வாங்குவதானால் மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எல்லாத் தவணைகளையும் கூட்டி ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள்.

• பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இன்னும் இரண்டு விடயங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பகுதியில் மாலை இடி மின்னல் அதிகம். அப்போது மின் இணைப்பை மட்டுமல்லாமல் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பெட்டியைச் சுவரில் பொருத்துங்கள். ஆடும் மேசையில் வைத்தால் பிள்ளை இழுக்கும்போது மேலே விழுந்துவிடும்.

அப்படியானால் புரொஜெக்டர் நமக்கு வேண்டாமா?

வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒன்றாக அல்ல, ஊருக்கு ஒன்றாக. 2014 ஏப்ரலில் இலங்கை அணி இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தை வென்ற இரவைப் போன்ற நாட்களைப் பலரோடு சேர்ந்து பார்ப்பதில்தான் மகிழ்ச்சி. மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ கூட்டாக ஒன்றை வாங்கினால் பிள்ளைகளுக்கு நல்ல படம் காட்டலாம், சுகாதார வகுப்பு நடத்தலாம், பரீட்சைக் காலத்தில் பாடங்களைப் பெரிதாகக் காட்டலாம். யார் பொறுப்பு, பழுதானால் யார் செலவு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது.

சகோதரிகளே, கடைக்குப் போகுமுன் ஒரு நாள் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை உங்கள் வீட்டின் பெரிய அறையைக் கவனியுங்கள். அங்கே யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் குடும்பத்தில் எல்லோரிடமும் காட்டிப் பேசி, அதன் பிறகு முடிவெடுங்கள். படிக்கும் பிள்ளைக்குரிய விளக்கை அணைக்காத திரை எதுவோ, அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்ற திரை.