உறங்காத மருத்துவரும் மணிக்கட்டுப் புள்ளியும்

முப்பது மணி நேரம் கண்விழித்துப் பணி செய்தவர், தலையணையில் தலை சாய்த்த கணமே உறங்கிவிடுவார் என்றுதான் நாம் எண்ணுகிறோம். மருத்துவப் பயிற்சியில் இருக்கும் மகனையோ மகளையோ உடைய பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். இரவுப் பணி முடிந்து காலை பத்து மணிக்குப் படுத்த பிள்ளை, பகல் முழுதும் புரண்டு கொண்டிருந்த கதையைச் சொல்வார்கள். உடல் கட்டிலில் கிடக்கிறது. உள்ளமோ இன்னும் வார்டிலேயே நிற்கிறது.

இதில் வியப்பில்லை. நம் மூளையினுள் ஒரு கடிகாரம் உண்டு. வெளிச்சத்தைக் கொண்டு அது நேரம் அறிகிறது. சோர்வு எத்துணை மிகுந்தாலும், 'இது பகல், விழித்திரு' என்று அது கட்டளையிடுகிறது. போதாக்குறைக்கு, விடியற்காலையில் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் குடித்த காப்பி வேறு. அதன் வீரியத்தில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் உடலில் தங்கியிருக்கும்.

இத்தகையோரிடம் இப்போது அக்குபிரஷர் என்னும் சீன அழுத்த முறை பேசப்படுகிறது. ஊசி இல்லை, மருந்து இல்லை, செலவும் இல்லை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கமாகத் தடவினால் சிறு பள்ளம் ஒன்று தட்டுப்படும். 'ஷென்மென்' என்பது அதன் பெயர். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு நரம்பு நாண்களுக்கு நடுவே உள்ளது 'நெய்குவான்'. கட்டைவிரலால் இவற்றை மெல்ல அழுத்தி, ஓரிரு நிமிடம் பிடித்திருந்து, மூச்சைச் சீராக விடவேண்டும். கணுக்காலின் உட்புறத்துக்கு நான்கு விரல் மேலேயும் ஒரு புள்ளி உண்டு. கருவுற்ற தாய்மார் அதைத் தவிர்க்க வேண்டுமென்பது அம்மருத்துவ மரபு.

இது பலிக்குமா? முதியோரிடமும் நெடுநாள் நோயாளரிடமும் நடந்த ஆய்வுகள் பலவற்றில் உறக்கம் ஓரளவு மேம்பட்டதாகக் காணப்பட்டது. ஆனால் அவற்றுட் பல சிறியவை. அழுத்தியது உண்மைப் புள்ளியா போலிப் புள்ளியா என்பதை அழுத்துபவரிடமிருந்து மறைக்கவும் முடியாது. எனவே, புள்ளியின் ஆற்றலா, அமைதியாக அமர்ந்து மூச்சுவிட்டதன் பயனா என்று பிரித்துச் சொல்வது கடினம். தீங்கில்லை, செய்து பார்க்கலாம் என்பதே என் கருத்து. அதனுடன் சன்னலுக்குக் கனத்த திரையிட்டு, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தால் இன்னும் நல்லது.

எனினும், ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயான் என்னும் 18 வயதுப் பெண் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்திலேயே உயிர் நீத்தாள். அவளைக் கவனித்தவர்கள் நெடுநேரப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்கள். அவளுடைய தந்தை விடாது போராடினார். 1989-இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவரின் பணியை வாரத்துக்கு 80 மணி நேரமாக வரையறுத்தது. 2004-இல் பாஸ்டன் நகரின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பணி செய்யும் பழைய முறையில், குறைந்த நேர முறையைவிடக் கடுமையான பிழைகள் 36 விழுக்காடு மிகுந்திருந்தன. நம் நாட்டிலும் 1992-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதி, வழக்கமாக ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கூறுகிறது. அவ்விதி நடைமுறையில் எவ்வாறு இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். உறங்க நேரமே கொடாதவர்க்கு உறங்கும் வழியைக் கற்பிப்பது எவ்வளவு பயன் தரும்?

இல்லத்தார் உடனே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அமெரிக்கப் பயிற்சி மருத்துவரிடையே நடந்து 2005-இல் வெளியான ஆய்வின்படி, நெடும்பணி முடித்து வண்டி ஓட்டி வீடு திரும்புகையில் விபத்து நேரும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல். ஆகவே இரவுப் பணி முடிந்த காலையில் பிள்ளையை ஸ்கூட்டர் ஓட்டவிடாதீர்கள். தந்தையோ தம்பியோ சென்று அழைத்து வரலாம். இயலாவிடில் பேருந்தில் வரட்டும்.