பல் துலக்கிய உமிக்கரி ஆற்றைத் துலக்குமா?

கரித்துகளுக்குள் குடியேறும் "என்சைம்"கள்! விஞ்ஞானிகளின் புது முயற்சி

நம் பாட்டன், பாட்டி காலத்தில் பற்பசை கிடையாது. உமிக்கரிதான். கொஞ்சம் உப்பையும் சேர்த்து பல் துலக்கினார்கள். பல் பளிச்சென்று இருந்தது.

அந்த உமிக்கரியைக் கொண்டு ஆற்றையும் துலக்க முடியுமா?

"முடியும்" என்று சொல்ல விஞ்ஞானிகள் பாடுபட்டு வருகிறார்கள். அதுவும் எங்கோ வெளிநாட்டில் அல்ல. நம் சென்னை அடையாறில்!

நெசவாளர் ஊர்

பல்லாவரத்தை அடுத்து இருக்கிறது, அனகாபுத்தூர். 2021-ம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இது நெசவாளர்களின் ஊர்.

ஒரு காலத்தில் இங்கே நெய்த "மெட்ராஸ் கைக்குட்டை" துணி, கப்பல் ஏறி ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவுக்குப் போனது. அந்த ஏற்றுமதி நின்ற பிறகு, வாழை நாரில் சேலை நெய்து பெயர் வாங்கினார்கள். வெட்டி எறியும் வாழை மட்டை, பட்டுப்போன்ற சேலை ஆயிற்று!

ஊரை ஒட்டி ஓடுகிறது, அடையாறு ஆறு. சுமார் 42 கிலோ மீட்டர் ஓடி, கடலில் கலக்கிறது. 2015-ம் ஆண்டு டிசம்பரில் இந்த ஆறு கரை புரண்டு, வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வந்தால்தான் ஆறு. மற்ற நாட்களில் பெரும்பாலும் சாக்கடை என்பதுதான் இதன் பரிதாபம்.

பக்கத்தில் உள்ள பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை பகுதிகள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே "குரோம் லெதர்" கம்பெனியால் வந்ததுதான். இந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் கழிவு நீர் பெரிய தலைவலி ஆயிற்று.

வேலூர் மாவட்டத் தோல் கழிவு பற்றிய வழக்கில், 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பு அளித்தது. "அசுத்தம் செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும்" என்பது அதன் சாரம். பல்லாவரத்திலும் தோல் ஆலைகளுக்கென்று பொதுக் கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது.

"என்சைம்" என்றால் என்ன?

ஒரு வாய் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். காரணம் என்ன? எச்சிலில் உள்ள ஒரு பொருள், சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அந்தப் பொருள்தான் "என்சைம்". தமிழில் நொதி என்கிறார்கள்.

நொதி ஒரு வேலைக்காரன். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு தனி வேலை உண்டு. "லைபேஸ்" என்ற நொதி கொழுப்பை உடைக்கும். "புரோட்டியேஸ்" புரதத்தை உடைக்கும். "லாக்கேஸ்" என்ற நொதி, சில சாயங்களின் நிறத்தைப் போக்கும்.

இன்னொரு அதிசயம்: வேலை முடிந்தாலும் நொதி தீர்ந்துபோவது இல்லை. அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும்!

அப்படியானால் நொதியைக் கழிவு நீரில் கொட்டிவிட்டால் போதாதா?

போதாது. தண்ணீர் ஓடும்போது நொதியும் கூடவே ஓடிவிடும். நாள்தோறும் புதிது புதிதாகக் கொட்ட வேண்டும். நொதி விலை உயர்ந்த பொருள். யாருக்குக் கட்டுப்படி ஆகும்? மேலும், சூடு, உப்பு, அமிலம் அதிகமானால் நொதி செயல் இழந்துவிடும்.

ஆகவே, ஓடுகிறவனைப் பிடித்து உட்கார வைக்க ஒரு வீடு வேண்டும். அந்த வீடுதான் கரி!

ஒரு கிராமில் 2 கிரவுண்டு!

இந்த உண்மை 1916-ம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் நெல்சன், கிரிபின் என்ற 2 விஞ்ஞானிகள், சர்க்கரையை உடைக்கும் நொதியைக் கரித்தூளில் ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். கரியில் ஒட்டிய பிறகும் நொதி தன் வேலையை விடவில்லை!

சாதாரண அடுப்புக்கரி இதற்குப் போதாது. நெல் உமியைக் காற்று அதிகம் படாமல் சுட்டு, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, மறுபடியும் பல நூறு டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன.

இப்படிச் செய்த ஒரு கிராம் நல்ல கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால், 500 சதுர மீட்டர் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். ஒரு கிரவுண்டு மனை என்பது 223 சதுர மீட்டர்தான். அதாவது, ஒரு சிட்டிகைக் கரியில் 2 கிரவுண்டு இடம்! அத்தனை இடத்திலும் நொதிகள் குடியேறலாம்.

ஆனால் வெறுமனே ஒட்டிய நொதி, நாளடைவில் கழன்றுவிடக்கூடும்.

இதற்கு என்ன வழி? அனகாபுத்தூர் நெசவாளரைக் கேட்டால் சட்டென்று புரியவைப்பார். இயற்கைச் சாயம் நூலில் நிற்க வேண்டும் என்றால், கடுக்காயோ படிகாரமோ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சாயம் போய்விடும். அதுபோலவே, கரியையும் நொதியையும் பிணைக்க "குளூட்டரால்டிஹைடு" போன்ற ரசாயனங்களைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு கையால் கரியையும், மறு கையால் நொதியையும் பிடித்துக்கொள்ளும்.

கரியிலும் ஒரு நன்மை உண்டு. அது தானாகவே அழுக்கை இழுக்கும். இழுத்து வந்த அழுக்கை, உள்ளே இருக்கும் நொதி உடைக்கும்.

அடையாறில் ஆராய்ச்சி

அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. இங்குள்ள விஞ்ஞானிகள், உமியில் இருந்து செய்த கரியில் புரோட்டியேஸ், லைபேஸ் போன்ற நொதிகளைப் பிணைத்துச் சோதனை நடத்தினார்கள். 2012-ம் ஆண்டையொட்டி வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சியில், பாக்டீரியாவில் இருந்து எடுத்த லைபேஸ் நொதி, கரியில் அமர்ந்தபடியே, பொரித்துக் கழித்த எண்ணெயை உடைத்தது. அதே கரியை எடுத்து மறுபடியும் பயன்படுத்தவும் முடிந்தது.

தோல் ஆலைக் கழிவு நீரில் கொழுப்பும் புரதமும் அதிகம். ஆகவே இந்த ஆராய்ச்சி நம் பகுதிக்கு நெருங்கிய சொந்தம்.

எல்லாம் தீர்ந்துவிடுமா?

அவசரப்படக் கூடாது. பரிசோதனைக் கூடத்துக் குப்பியில் நடப்பது வேறு; நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் ஓடும் கழிவு நீர் வேறு. அங்கே கரியின் துளைகள் அழுக்கால் அடைபடலாம். நொதியும் நாளாக ஆகத் தளர்ந்துபோகும். செலவையும் பார்க்க வேண்டும்.

மேலும், குரோமியம் ஓர் உலோகம். அதை எந்த நொதியாலும் உடைத்து இல்லாமல் செய்ய முடியாது. தனியாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பையும் நொதி நீக்காது.

இன்னொன்றும் உண்டு. அடையாற்றைக் கெடுப்பது ஆலைகள் மட்டும் அல்ல. வீட்டுச் சாக்கடையும், குப்பையும் பெரும் பங்கு வகிக்கின்றன. பிளாஸ்டிக் பையைத் தின்று தீர்க்கும் நொதிக்கரி எதுவும் இன்று கடையில் கிடைக்காது!

வாழை மட்டையைச் சேலை ஆக்கிய ஊர் இது. அரிசி ஆலைக் கழிவான உமி, தோல் ஆலைக் கழிவைத் தீர்க்கும் நாளும் வரலாம். அந்தப் பாடு விஞ்ஞானிகளுடையது.

அதுவரை குப்பையை ஆற்றில் போடாமல் இருப்பது நம்முடைய பாடு. அதற்குக் கரியும் வேண்டாம், நொதியும் வேண்டாம்.