ஓடாத காரும் உரிமையாளரின் கடமைகளும்

நடுத்தர வருவாயுள்ள குடும்பங்களிலும் இரண்டாவது கார் இன்று அரிய பொருளன்று. ஒன்று அன்றாடப் பயணத்திற்குப் பயன்படும். மற்றொன்று சொந்த ஊர் வீட்டிலோ குடியிருப்பின் தெருவோரத்திலோ மாதக்கணக்கில் நிற்கும். ஓடாத வண்டிக்கு வரியும் காப்பீடும் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. இவ்விரண்டும் வெவ்வேறு அடிப்படைகளில் எழுந்தவை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

வரியின் அடிப்படை

வாகன வரி மாநிலங்களுக்குரியது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம் சாலையில் பயன்படுத்தத்தக்க வாகனங்கள் மீது வரி விதிக்க அதிகாரமளிக்கிறது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இங்கு அளவுகோலன்று. பெரும்பாலான மாநிலங்களில் சொந்த உபயோகக் கார்களுக்குரிய வரி, பதிவின்போதே ஒரே தவணையாகப் பெறப்படுகிறது. எனவே, பின்னர் வண்டியை நிறுத்தி வைப்பதால் வரிச்சுமை குறைவதில்லை. பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் வேண்டும். வண்டி நின்ற ஆண்டுகளும் இக்கணக்கில் சேரும்.

தில்லியில் பணிபுரியும் ஒருவர் தம் பழைய காரைப் பாட்னாவிலுள்ள பெற்றோர் வீட்டில் விட்டுவைப்பதாகக் கொள்வோம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்படும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் பெறவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு கூறும் பொதுவிதியாகும்.

காப்பீட்டின் நோக்கம்

இச்சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பொது இடத்தில் பயன்படுத்தப்படும் வாகனத்திற்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. காப்பாற்றப்படுவது காரன்று, அக்காரால் உயிரோ உறுப்போ இழக்க நேரும் வழிப்போக்கரும் அவர் குடும்பமுமே. வண்டி ஓடினால்தான் ‘பயன்பாடு’ என்று கொள்வதும் பிழை. விபத்தில் கவிழ்ந்து, சில மணி நேரம் கழித்து வெடித்த பெட்ரோல் டாங்கர் லாரி பற்றிய வழக்கில், நின்ற நிலையிலுள்ள வாகனமும் பயன்பாட்டில் உள்ளதாகலாம் என உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது.

காப்பீடின்றி ஓட்டினால் முதற் குற்றத்திற்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும் பெரிய இடர் அபராதமன்று. பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யவோ, உறவினர் ஒருவரின் அவசரத்திற்கோ வண்டி வெளியே செல்லும் ஒரு நாளில் விபத்து நேரின், பல இலட்சம் ரூபாய் இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும். அவரிடம் பொருளில்லையெனில், தீர்ப்பைப் பெற்றும் பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையுடன் நிற்கும்.

சிக்கன வழிகள்

1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கான மூன்றாம் நபர் கட்டணம் 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 2,094 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. குறைவாக ஓடுவதால் இது குறையாது. சொந்தச் சேதக் காப்பீட்டில் சிக்கனத்திற்கு இடமுண்டு. ஓடும் தூரத்திற்கேற்ற கட்டணத்தையும், ஒருவரின் பல வாகனங்களுக்கும் பொதுவான காப்பீட்டையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. இப்பகுதி சட்டப்படி கட்டாயமில்லை. எனினும் திருட்டும், தீயும், வெள்ளமும் நிற்கும் வண்டியை விட்டுவைப்பதில்லை. உரிமையாளருக்கான 15 இலட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றிருந்தால் போதும். இரண்டாவது காருக்கு அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை. காப்பீடு காலாவதியாகி 90 நாட்கள் கடந்தால், கோரிக்கையின்மைக்காகச் சேர்ந்த 50 சதவீதம் வரையிலான தள்ளுபடி கைவிட்டுப் போகும்.

இச்செலவும் வீண் எனத் தோன்றினால், வண்டியை விற்றுவிடுதலே நேரிய வழி. ஆனால் சாவியைக் கொடுத்தவுடன் பொறுப்பு தீராது. பதிவேட்டில் எவர் பெயருள்ளதோ அவரே இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்பது 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பெயர் மாற்றம் நிறைவேறும் வரை, ஓடாத காரும் உரிமையாளரின் பொறுப்பே.