நம்பர் தெரிகிறது, ஆள் யார்?

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு பக்கம் வீட்டுக்கு வீடு போன் வராத காலத்தில், கல்யாணப் பத்திரிகையிலும் கடை ரசீதிலும் நம்பருக்கு அருகே 'பி.பி.' என்று அச்சடித்திருப்பார்கள். போன் பக்கத்து வீட்டிலோ மளிகைக் கடையிலோ இருக்கும். கேட்டால் ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள். அந்த நம்பரில் பேசி யாரை விசாரித்தாலும் பதில் கிடைத்தது. அந்தத் தெருவில் கடைக்காரருக்குத் தெரியாத குடும்பம் ஏது?

உலகின் முதல் டெலிபோன் டைரக்டரி 1878-இல் அமெரிக்காவின் நியூஹேவனில் வந்தது. ஒரே அட்டை, 50 பெயர்கள். சென்னைக்கு 1882-இல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பிற்பாடு மாவட்டந்தோறும் தடித்த டைரக்டரிகள் வந்தன. அவற்றில் பெயரைக் கொண்டுதான் நம்பரைத் தேட முடியும். குடும்பப் பெயர் வைக்காத நம் ஊரில் அதுவும் லேசில்லை. கருப்பசாமிகளும் முருகன்களும் வரிசையாக நிற்பார்கள். இனிஷியலும் தெருப்பெயரும் தெரியாமல் ஆளைப் பிடிக்க முடியாது. புத்தகம் கையில் இல்லாதவர்கள் 197-ஐக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

நம்பரைக் கொண்டு பெயரைத் தேடுவதற்கு அமெரிக்காவில் எண் வரிசையிலேயே தனிப் புத்தகங்கள் இருந்தன. இங்கே சாதாரண வாடிக்கையாளருக்கு வாய்த்த துப்பு எஸ்.டி.டி. கோடுதான். 04566 என்றால் அருப்புக்கோட்டை வட்டாரம், 04562 என்றால் விருதுநகர்.

செல்போன் அந்தத் துப்பையும் கரைத்துவிட்டது. 9443 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு பி.எஸ்.என்.எல். என்று ஒருகாலத்தில் சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே நம்பர் என்றானது. செல்போன்களுக்கென்று பொது டைரக்டரியும் கிடையாது.

அந்த இடத்தைப் பிடித்தவை ட்ரூகாலர் போன்ற செயலிகள். ட்ரூகாலர் 2009-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நிறுவனம். பயனர்களிடமிருந்து திரண்ட பெயர்களே அதன் இருப்பு. ஆகவே திரையில் வருவது பெரும்பாலும் ஒருவரைப் பிறர் எப்படிக் குறித்து வைத்தார்கள் என்பதுதான்: 'டிராக்டர் மாமா', 'வட்டிக்காரர்' என்றுகூட வரலாம். டைரக்டரியில் பெயர் வருவது போன் வாங்கியவருக்குத் தெரியும். இங்கேயோ அந்தச் செயலியைக் கண்ணால்கூடப் பார்த்திராத கிழவியின் பெயரும் ஏறியிருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இது நடப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம்பரைக் கொடுத்தால் முழு முகவரி தருவதாகச் சொல்லிப் பணமோ ஓ.டி.பி.யோ கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். சிம் வாங்கும்போது கொடுத்த முகவரி தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது; குற்ற விசாரணைக்காகக் காவல்துறை முறைப்படி கேட்டுப் பெறும். மிரட்டலோ மோசடியோ என்றால் நாமே துப்பறியாமல் காவல் நிலையத்துக்குப் போவதுதான் வழி. பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

அழைப்பவரின் பெயரைத் தொலைபேசி நிறுவனமே திரையில் காட்டும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. தனியாகக் கேட்காமலே எல்லோருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னதை 2025 அக்டோபரில் டிராய் ஏற்றுக்கொண்டது. சிம்முக்கு விண்ணப்பித்தவரின் பெயரே அதில் வரும். நம் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிக்கல் இங்கேதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன மகன் தன் ஆதாரில் வாங்கிய சிம்மை அம்மாவிடம் கொடுத்திருப்பான். அம்மா ரேஷன் கடைக்காரரை அழைத்தால் மகன் பெயர் வரும். அம்மாவை யாரேனும் தேடினால், அவர் பெயரில் ஒரு நம்பரும் இருக்காது.

நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம். அம்மா பேசும் சிம்மை அம்மா பெயருக்கே மாற்ற, நிறுவனத்தின் சேவை மையத்தில் இருவரும் அடையாளச் சான்றோடு போய்க் கேட்கலாம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இந்த வேலையை முடித்துவிடுங்கள்.